பறை, நாழி, பதம்: ஊர்ச் சொற்களுக்கு ஒரு பேரேடு

எலப்புள்ளிக்காரன் வாயைத் திறந்தால் கோயமுத்தூரில் "என்னங்க, மலையாள வாடை அடிக்குது" என்பார்கள். அதையே பாலக்காட்டு டவுனில் பேசினால் தமிழ் வாடை. நான் இப்போது இருப்பது நைஜீரியாவின் லேகோஸில். இங்கே குறை சொல்ல இரண்டு பேருமே இல்லை :-)

நான் வங்கிக்காரன், படித்ததும் பி.காம். சொற்களையும் கணக்காகத்தான் பார்க்க வருகிறது. அப்படிப் பார்த்தால் எங்கள் ஊர்ச் சொற்கள் கலப்படமே அல்ல.

பறை என்றால் பலருக்கும் கொட்டுகிற பறைதான் ஞாபகம் வரும். எங்கள் பக்கம் அது நெல் அளக்கும் பாத்திரமும்கூட. 4 நாழி ஒரு இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை. நாழியை மலையாளத்தில் கடன் வாங்கிய சொல் என்று நினைப்பவர்கள் புறநானூற்றைப் புரட்டலாம். உண்ணும் அளவாக அங்கேயே நாழி இருக்கிறது. நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் தஞ்சாவூரிலும் பத்தாயம்தான். இதில் எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பது?

நிலத்தையும் பறையால்தான் சொல்வார்கள். '10 பறைக் கண்டம்' என்றால் 10 பறை விதை பிடிக்கிற வயல். ஏக்கர் பரப்பை மட்டும் சொல்லும். பறையோ அடுத்த போகத்துக்கு எவ்வளவு விதை எடுத்து வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். பயிர்க்கடன் விண்ணப்பத்தில் தனியாக ஒரு பக்கம் நிரப்ப வேண்டிய விஷயம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது.

மெட்ராஸ் மாநிலத்து மலபார் ஜில்லாவில் இருந்த எங்கள் ஊர் 1956 நவம்பர் 1-ல் கேரளத்துக்குப் போனது. அதே வருடக் கடைசியில்தான் மெட்ரிக் அளவைச் சட்டமும் வந்தது. பிறகு கிலோ வந்தது, பறை மெல்ல ஒதுங்கியது. இப்போது பளபளவென்று பித்தளைப் பூண் போட்டு, நெல் நிறைத்து, தென்னம்பூ செருகி, கல்யாண மேடையில் 'நிறைபறை'யாக நிற்கிறது. போட்டோவுக்கு அழகுதான்.

எனக்கு உறுத்துவது இங்கேதான். "ஆஹா, நம் முன்னோரின் இனிய சொற்கள்" என்று உருகுபவர்கள் பாட்டம், பதம் என்ற இரண்டையும் ஏனோ பட்டியலில் சேர்ப்பதில்லை. பாட்டம் என்றால் ஜன்மிக்கு அளக்கும் குத்தகை நெல். பதம் என்றால் அறுத்தவர்களுக்குக் கூலியாகக் கிடைக்கும் நெல். ஒருவருக்கு அந்தப் பறை நிறைந்தால் சந்தோஷம், இன்னொருவருக்கு வயிற்றெரிச்சல். 1970 ஜனவரி 1-ல் கேரளத்தில் குத்தகைமுறை ஒழிக்கப்பட்டது. பாட்டம் அளந்த குடும்பங்கள் அந்தச் சொல்லுக்காக ஏங்கவா போகிறார்கள்?

இங்கே என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இக்போக்காரர். அவர்களுடைய பாரம்பரிய வாரத்துக்கு 4 நாள்தான்: ஏகே, ஓரியே, ஆஃபோ, இன்க்வோ. எந்த நாளில் சந்தை கூடுமோ, அந்த நாளின் பெயரையே சந்தைக்கும் வைத்துவிடுவார்கள். வங்கிக்கு 7 நாள் காலண்டர்தான். ஆனாலும் ஊர்ச்சந்தைக்குப் போக நாள் பார்ப்பவர்களுக்கு அந்த நாலும் தெரிந்தாக வேண்டும். அங்கே சந்தை நடக்கிறது, சொல்லும் நடக்கிறது. நம் பறைக்கு வேலை போய்விட்டது, அலங்காரம் மட்டும் மிச்சம்.

பறையைத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். ஆனால் சொல்லுக்கு நேரே ஒற்றை வார்த்தையில் அர்த்தம் எழுதிவைக்கும் பழக்கத்தை விட வேண்டும். 'பதம் = கூலி' என்று எழுதினால் பாதிக் கணக்கு காணாமல் போய்விடும். லீவில் ஊருக்குப் போகிறவர்கள் வயல்வேலை செய்த பாட்டிமார்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். யார் அளந்தார்கள், யார் வாங்கினார்கள், எத்தனை நாழி, அது எத்தனை பேர் வயிற்றுக்குப் போதும் என்று கேளுங்கள். நில உடைமைக்காரர் வீட்டில் மட்டும் கேட்டால் வரவுப் பக்கம் மட்டும்தான் கிடைக்கும்.

எழுதும்போது தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளில் யார் எந்த எழுத்தைப் படிப்பார்கள் என்று இப்போதே சொல்ல முடியாது.