மிஷின் பழசா, மனசு பழசா?

வீட்டில் பழைய இன்டெல் கம்ப்யூட்டரில் லினக்ஸ், ஜெல்லிஃபின் போட்டுப் படங்களை டி.வி.க்கு அனுப்புகிறீர்கள். படம் திக்கித் திக்கி ஓடுகிறது. கடைக்காரர் கூசாமல் சொல்வார்: 'மிஷின் பழசு சார், புதுசு வாங்கிடுங்க!'

வாங்காதீர்கள். வீடியோவை உருமாற்றவே 'க்விக் சிங்க்' என்ற தனிப் பகுதியை 2011-லேயே இன்டெல் தன் சில்லுக்குள் வைத்துவிட்டது. படம் ஓடும்போது 'இன்டெல் ஜிபியு டாப்' கட்டளையைத் தட்டுங்கள். 'வீடியோ' வரி பூஜ்யமா? வேலை அங்கே போகவே இல்லை. ப்ராசஸர்தான் தனியாக மூச்சுவாங்குகிறது. ஜெல்லிஃபின் செட்டிங்கில் ஹார்டுவேர் வசதியை இயக்கவில்லை, அல்லது 'ரெண்டர்' குழுவில் ஜெல்லிஃபினைச் சேர்க்கவில்லை. பெரும்பாலும் இவ்வளவுதான். (10 பிட் எச்.இ.வி.சி. என்றால் ரொம்பப் பழைய சில்லு நிஜமாகவே கைவிரிக்கும்.)

அரியலூரை 2001-ல் பெரம்பலூரிலிருந்து பிரித்தார்கள், 2002-ல் சேர்த்தார்கள், 2007-ல் மறுபடி பிரித்தார்கள். அரியலூர் மனுவைப் பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டு 'கவர்ன்மென்ட் ஸ்லோ' என்பீர்களா?

2011 முதல் பிள்ளைகளுக்கு அரசு தந்த இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸும் இருந்தது. பெட்டியைக் கொடுத்தோம் சரி, உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்கக் கற்றுக்கொடுத்தோமா? அதைச் செய்யாதவரை கடைக்காரர் சொல்வதுதான் வேதவாக்கு. செலவு நம்முடையது.