கதை சொல்லும் விளையாட்டு

கணினி விளையாட்டு காலத்தை வீணாக்கும் என்பர் பெரியோர். எல்லா விளையாட்டுக்கும் அது பொருந்தாது. 2023ஆம் ஆண்டு வெளிவந்த ‘வெண்பா’ ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறது.

1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா என்னும் தமிழ்த் தாய், தன் அன்னையின் கிழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லியும் புட்டும் சமைக்கிறாள். அழிந்த வரிகளை விளையாடுவோரே ஊகித்தறிய வேண்டும். அவள் மகன் கவின் தமிழை ஒதுக்கி வளர்கிறான். பின்னாளில் அக்குறிப்பேட்டைக் கொண்டு சமைக்க முயலும்போது, தமிழைப் படிக்க இயலாமல் தடுமாறுகிறான்.

காக்ஸ் டவுனில் வளரும் தமிழ்ச் சிறார்க்கும் இந்நிலை நேரலாம். பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. பாட்டியின் கையெழுத்தையும் படிக்கத் தெரிதல் வேண்டும். விளையாட்டைக் கைவிட வேண்டுவதில்லை. விளையாடிய கதையைத் தமிழில் எழுதிப் பழகுதலே நன்று.