பழி இயந்திரத்தின் மீதல்ல

"கீபோட் வந்தது, நாதஸ்வரம் போனது" என்று புலம்புவோர் யாழ்ப்பாணத்திலும் உள்ளனர், புலம்பெயர் தேசங்களிலும் உள்ளனர். இயந்திரத்தின் மீது பழி போடுவது எளிது. அது மறுத்துப் பேசாது. ஆனால் இந்தப் பழியில் பாதிகூட உண்மையில்லை.

ஒலியைப் பதிந்து விசைப்பலகையில் வாசிக்க வைத்த தொடக்ககால எண்ணியல் கருவிகளுள் முதன்மையானது பேர்லைட். 1979 இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீற்றர் வோகல், கிம் றைரி ஆகிய இருவர் அதனை உருவாக்கினர். விலையோ 12,000 பவுண்டுக்கு மேல். அத்தனை பணம் கொடுத்தாலும் ஏறக்குறைய ஒரு நொடி ஒலியைத்தான் அது நினைவில் வைத்திருக்கும்.

அந்த ஒரு நொடியை வைத்து முதலில் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? பீற்றர் கேப்ரியல் பழைய இரும்புக் கிடங்குக்குப் போனார். கண்ணாடிகளை உடைத்தும் குழாய்களை ஊதியும் ஒலி சேகரித்தார். கேற் புஷ் 1980 இல் வெளியிட்ட 'பபூஷ்கா' பாடலில் கண்ணாடி உடையும் ஓசையையே இசையாக்கினார். அதுவரை எவரும் வாசித்திராத ஒலியை அவர்கள் தேடினார்கள். அங்கும் அச்சம் இல்லாமலில்லை. 1982 இல் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை மின்னணு இசைக்கருவிகளுக்குத் தடை கோரித் தீர்மானமே நிறைவேற்றியது. வயிற்றுப்பாட்டுக்கு அஞ்சியவர்களை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை.

நம் கதை வேறு. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் அறுந்தது. பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். மின்சாரத்தில் இயங்கும் கருவிகள் ஊமையாகிவிட்ட அந்த ஆண்டுகளில் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் மின்சாரம் தேவைப்படவில்லை. அந்த இருட்டில் நம் கோயில்களைக் காத்தது மேளகாரரின் மூச்சும் விரலுமே.

வெளிச்சம் திரும்பியபின் அவர்களுக்கு நாம் செய்த கைம்மாறு என்ன? மோட்டாரில் சுழலும் முரசையும் சேமக்கலத்தையும் வாங்கிச் சில கோயில்களில் பூட்டினோம். மண்டபத்தில் ஒருவர் கீபோட்டின் பொத்தானை அழுத்தி 'நாதஸ்வரம்' என்கிறார்; நாமும் தலையாட்டுகிறோம். கீபோட்டின் கட்டைகள் படிக்கட்டுகள். நாதஸ்வரமோ வழுக்கு மரம். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு மூச்சும் விரலும் இழைந்து செல்லும் வழியில்தான் இராகமே இருக்கிறது. அந்த வழியை விட்டுவிட்டு இரு முனைகளை மட்டும் தருவது நாதஸ்வரமாகுமா?

கேப்ரியல் இயந்திரத்தை வாங்கியது காதைத் திறப்பதற்கு. நாம் வாங்குவது ஒரு மனிதருக்குக் கொடுக்க வேண்டிய கூலியை மிச்சம் பிடிப்பதற்கு. அக்கூலியை என்றைக்கேனும் மனமுவந்து கொடுத்தோமா என்பது வேறு கேள்வி. மேளகாரரைச் சாதி சொல்லி வாசலில் நிறுத்திவிட்டு அவர் வாசிப்பை மட்டும் வீட்டுக்குள் அழைத்த சமூகம் இது. இயந்திரத்துக்குச் சாதியில்லை, பசியில்லை, சம்பளமும் கேட்காது. ஆகவே அது நமக்கு உவப்பாயிற்று.

தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். பேர்லைட் வர இன்னும் நான்காண்டுகள் இருந்தன. அன்று கருவியில்லை என்று சொல்லித் தப்பலாம். இன்று ஒரு கைப்பேசியே அந்தப் பேர்லைட்டைவிடப் பன்மடங்கு வல்லது. இன்றிருக்கும் தவில், நாதஸ்வரக் கலைஞர்களை முறையாகப் பதிவு செய்து, பெயர் போட்டு, அந்த ஒலியைப் பயன்படுத்துவோரிடமிருந்து அவர்களுக்குப் பங்கு வாங்கிக் கொடுக்க எது தடை?

கோபுரத்துக்கு வர்ணம் பூசக் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பணம் அனுப்பும் அன்பர்களே, அடுத்த முறை மோட்டார் முரசுக்கு உபயம் கேட்டு வருவோரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "எங்கள் ஊர் மேளகாரரின் பிள்ளை இப்போது என்ன தொழில் செய்கிறான்?" பதிலைக் கேட்டபின் காசோலையில் கையெழுத்திடுங்கள்.