முடக்கறுத்தானும் முழங்காலும்

வேலியோரத்தில் படர்ந்து கிடக்கும் ஒரு கொடிக்கு முடக்கறுத்தான் என்று தமிழர் பெயரிட்டனர். முடக்கை அறுப்பது எனப் பொருள்படும் அப்பெயர் மக்கள் வழக்கில் முடக்கத்தான் எனத் திரிந்தது. நோயையும் மருந்தையும் ஒரே சொல்லில் அடக்கிய பெயர் அது. அக்கீரையை அரைத்து மாவில் கலந்து சுடும் தோசையும், பிரண்டைத் துவையலும், நொச்சியிலை ஒத்தடமும் மூட்டுவலியுற்றோர் இல்லங்களில் இன்றும் வழக்கொழியவில்லை. ஒருசாரார் இவை அனைத்தையும் மூடநம்பிக்கை எனத் தள்ளுகின்றனர். மறுசாரார் கீரையே போதும் என்று மாத்திரைகளைக் குப்பையில் எறிகின்றனர். இருசாராருள் பின்னவர்க்கு விளையும் தீங்கே பெரிது.

மூட்டுவலி என்னும் ஒரே சொல் பல நோய்களை மறைத்து நிற்கிறது. முதுமையாலும் உடற்பருமனாலும் முழங்காலின் குருத்தெலும்பு தேய்வது ஒன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைப் பகையெனக் கொண்டு தாக்கும் முடக்குவாதம் மற்றொன்று. இது முதியோர்க்கே உரியதன்று. முப்பது வயதுப் பெண்ணையும் பற்றும். ஆண்களைவிடப் பெண்களிடையே இரண்டு, மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்படுவது. குருதியில் யூரிக் அமிலம் மிகுந்து, அதன் படிகங்கள் பெரும்பாலும் கால் பெருவிரல் மூட்டில் தங்கி, நள்ளிரவில் திடீரெனக் கடும் வலியை எழுப்பும் கவுட் இன்னொன்று. மூன்றுக்கும் ஒரே கஷாயம் என்பது முதற்பிழை. காலையில் எழும்போது கைவிரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேலும் இறுகிக் கிடந்தால், அது முடக்குவாதமாக இருக்கக்கூடும். அந்நோயில் முதல் சில மாதங்களில் பெறும் மருத்துவமே மூட்டைக் காக்கிறது. பக்கத்து வீட்டார் சொன்ன எண்ணெயைத் தேய்த்து ஓராண்டு காத்திருப்பவர், வலியைப் பொறுத்துக்கொள்வதோடு விரல்களின் வடிவத்தையும் இழக்க நேரிடும்.

தேய்வு நோயில் உணவின் பங்கு பெரிது. ஆனால் மக்கள் எண்ணும் வகையில் அன்று. எதை உண்பது என்பதைவிட எவ்வளவு உண்பது என்பதையே முழங்கால் கணக்கில் கொள்கிறது. உடற்பருமன் மிக்க முதியோரிடம் நிகழ்த்தப்பட்டு 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, உடல் எடை 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மீது விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைவதாகக் காட்டியது. 5 கிலோ குறைத்தவர் ஓர் அடிக்கு 20 கிலோ சுமையை இறக்கி வைக்கிறார். எந்தக் கீரையும் செய்யாத வேலை இது. மேலும், மூட்டுக் குருத்தெலும்புக்குக் குருதிக் குழாய்கள் இல்லை. மூட்டு அழுந்தித் தளரும்போது மூட்டுநீர் உள்ளே ஊறிச் சென்றே அதற்கு உணவூட்டுகிறது. 'கால் வலிக்கிறதே, நடக்க வேண்டாம்' என்று அன்போடு தடுக்கும் பிள்ளைகள், தம்மை அறியாமலேயே தாயின் மூட்டைப் பட்டினி போடுகின்றனர். நாள்தோறும் இயன்ற அளவு நடப்பதும், நாற்காலியில் அமர்ந்தவாறு காலை நீட்டி மடக்குவதும் தொடைத்தசையை வலுவாக்கும். வலுவான தசை மூட்டின் சுமையில் பங்கேற்கும்.

பத்தியம் என்ற பெயரில் நிகழும் உணவு மறுப்பு தனியே கருதத்தக்கது. வாயு என்று சொல்லி உருளைக்கிழங்கையும் வாழைக்காயையும் விலக்குவதால் பெரிய இழப்பில்லை. அடுத்துப் பருப்பும் கொண்டைக்கடலையும் விலகுகின்றன; பிறகு முட்டையும் மீனும் விலகுகின்றன. இறுதியில் தட்டில் எஞ்சுவது சோறும் ரசமும் மட்டுமே. முடக்குவாதம் தானாகவே தசையைக் கரைக்கும் நோய். அதனுடன் புரதக் குறைவும் சேர்ந்தால், மூட்டைத் தாங்க வேண்டிய தசை மேலும் மெலிகிறது. இத்தகைய பத்தியத்தை வீட்டில் பெண்களே கடுமையாகப் பின்பற்றுகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

மஞ்சளைப் பற்றிய பெருமிதத்திலும் அளவு வேண்டும். அதிலுள்ள குர்குமின் வீக்கத்தைத் தணிக்கும் பொருளே. ஆனால் மஞ்சள்தூளில் அது ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்குதான். ஒரு கிராம் தூளில் கிடைப்பது சுமார் 30 மில்லிகிராம். மூட்டுவலி ஆய்வுகளில் கொடுக்கப்பட்டதோ நாளொன்றுக்குப் பல நூறு மில்லிகிராம். உடல் அதை எளிதில் ஏற்பதுமில்லை. மிளகிலுள்ள பைப்பரின் அதன் ஏற்பைப் பன்மடங்கு உயர்த்துவதை 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மஞ்சளும் மிளகும் சேர்ந்த ரசம் நல்லுணவு என்பதில் ஐயமில்லை. அது மருந்துச் சீட்டுக்கு ஈடாகாது. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு முடக்குவாத வலியை ஓரளவு தணிக்கிறது. விலையுயர்ந்த மீனெண்ணெய் மாத்திரையை வாங்கிக்கொண்டே, தெருவில் கூவி விற்கும் மத்தியை மலிவானது என ஒதுக்குவது வேடிக்கை.

மூலிகை என்றாலே தீங்கற்றது என்னும் எண்ணத்துக்குத் தமிழ்நாட்டின் மாநில மலரே மறுப்பு. செங்காந்தளின் விதையிலிருந்து கொல்சிசின் என்னும் பொருள் எடுக்கப்படுகிறது. கவுட் நோயின் வலியைத் தணிக்க உலகெங்கும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகின்றனர். திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் உழவர்கள் இதற்காகவே கண்வலிக்கிழங்கைப் பயிரிடுகின்றனர். அதே கிழங்கைத் தின்றவர்கள் உயிரிழந்ததும் உண்டு. உயிர் காப்பதும் கொல்வதும் ஒரே வேதிப்பொருள். வேறுபாடு அளவில் மட்டுமே.

இரு மருத்துவ முறைகளும் பகைமை கொண்டவை என்று கருதுவோர் எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்வை அறிதல் நன்று. 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, சென்னையிலேயே ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். பின்னர் அமெரிக்கா சென்று, 1940களில் அவர் தலைமையேற்ற ஆய்வுக் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. புற்றுநோய்க்கு எதிரான மெத்தோட்ரெக்சேட்டும் அங்கிருந்தே பிறந்தது. குறைந்த அளவில் அம்மருந்து முடக்குவாதத்தையும் அடக்கும் என்பது தெளிந்து, 1988இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. இன்று அந்நோய்க்கு முதலில் தரப்படுவது பெரும்பாலும் இதுவே. வாரத்திற்கு ஒருமுறை மட்டும் உட்கொள்ள வேண்டிய இதை நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஊறு நேரும். இதன் பக்கவிளைவைக் குறைக்க உடன் தரப்படுவதும் அதே ஃபோலிக் அமிலம்தான்.

வாத நோயைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் 'பத்தே நாளில் நிவாரணம்' என்னும் சுவரொட்டிகள் குறையவில்லை. பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் பொடி இரண்டே நாளில் வலியை அறவே போக்கினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று ஐயுறுவதே அறிவுடைமை. முறையாகப் பயின்ற சித்த மருத்துவர்க்கும் இப்பொடிக்கும் தொடர்பில்லை. தமிழக அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு ஒரே வளாகத்தில் இயங்குகிறது. மெத்தோட்ரெக்சேட் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்பதால், அதனுடன் எந்தச் சூரணம் உட்கொள்ளப்படுகிறது என்பதை ஆங்கில மருத்துவர் கேட்டறிய வேண்டும். ஆங்கில மருந்தின் பெயரைச் சித்த மருத்துவரும் கேட்டறிய வேண்டும். கடிந்துகொள்வாரோ என்னும் அச்சத்தால் நோயாளி இரு சீட்டுகளையும் ஒரே பையில் வைத்திருந்தும், ஒன்றை மட்டுமே மேசைமேல் எடுத்து வைக்கிறார்.