மண்ணின் கையிருப்பும் கடையின் கடன் கொப்பியும்

அட்டாளைச்சேனையில் கடை வைத்திருப்பவர் துணி விற்றாலும் சரி, இரும்புச் சாமான் விற்றாலும் சரி, நகை விற்றாலும் சரி, அவருடைய உண்மையான பங்காளி வெள்ளாமைதான். அறுவடை நல்லபடியாக முடிந்தால் கல்யாணங்கள் நடக்கின்றன, அரைகுறையாக நின்ற வீட்டுக்குக் கூரை ஏறுகிறது, பழைய நிலுவைகள் தாமாகவே கடைக்கு வந்து சேர்கின்றன. வெள்ளாமை கைவிட்டால் அக்கரைப்பற்றுச் சந்தை முதல் கல்முனைக் கடைத்தெரு வரை ஈயாடுகிறது. இதனை எந்த வியாபாரிக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பங்காளியின் கணக்கை நாம் சரியாகப் பார்க்கிறோமா என்பதே கேள்வி. மழை பெய்ததா என்று பார்க்கிறோம். சேனநாயக்க சமுத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று விசாரிக்கிறோம். இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு பசளைக்கும் மருந்துக்கும் கடன் எழுதுகிறோம். மூன்றாவதாக ஒரு கணக்கு இருக்கிறது. அதனைப் பார்ப்பவர் குறைவு. அது மண்ணுக்குள் இருக்கும் ஈரம்.

வியாபாரப் பாஷையில் சொல்வதானால், மழை என்பது வருமானம். குளம் என்பது வங்கி வைப்பு. மண்ணின் ஈரம் என்பது மேசை லாச்சியில் இருக்கும் கைக்காசு. வங்கியில் இலட்சக்கணக்கில் இருந்தாலும் கையில் காசில்லாத நாளில் கடை நடக்காது. பயிரும் அப்படித்தான். அது குளத்திலிருந்து குடிப்பதில்லை, மண்ணிலிருந்தே குடிக்கிறது.

தண்ணீரைத்தான் விற்கிறோம்

ஒரு கிலோ நெல் விளைவதற்கு மழையும் பாசனமுமாகச் சராசரியாக 2,500 லீற்றர் தண்ணீர் வயலுக்குப் போக வேண்டும் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. அப்படியானால் 50 கிலோ நெல்லுக்கு 125,000 லீற்றர். 5,000 லீற்றர் கொள்ளும் பவுசரில் ஏற்றினால் 25 பவுசர். நெல் வியாபாரிகளாகிய நாம் உண்மையில் தண்ணீரைத்தான் மூடையில் கட்டி விற்கிறோம்.

இதில் பெரும் பங்கு பயிர் முளைக்கும் முன்னரே செலவாகிறது. காய்ந்த நிலத்தை ஊறவைத்து உழுது சேறாக்குவதற்கு மட்டும் ஒரு போகத்துக்கான நீரில் மூன்றிலொரு பங்கு வரை போய்விடும். நீண்ட வரட்சியின் இழப்பு இங்கேதான் தொடங்குகிறது. ஓர் ஆண்டு மழை குறைந்தால் மேல்மண் காய்கிறது. அடுத்தடுத்துக் குறைந்தால் அடிமண்ணும் காய்ந்து, களி நிலம் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. பிறகு வாய்க்காலில் வரும் தண்ணீர் வெடிப்பு வழியே கீழே இறங்கிவிடுகிறது. முன்பு இரண்டு நாளில் நிரம்பிய வயலுக்கு இப்போது நான்கு நாள் பாய்ச்ச வேண்டியிருக்கிறது என்று விவசாயி முறையிட்டால், அவர் வாய்க்காலைக் குறை சொல்கிறார் என்று எண்ணவேண்டாம். பழைய பற்றுக் கணக்கை மண் முதலில் அறவிடுகிறது. மிஞ்சியதுதான் பயிருக்கு.

கிழக்கில் பல இடங்களில் இருப்பது மணல் கலந்த மண். அதன் களஞ்சியம் சிறியது, வாங்கிய தண்ணீரை நெடுநாள் வைத்திருக்காது. கரையோரத்தை அண்டிய நமது வட்டைகள் வேறு, வாய்க்காலின் வால்முனையில் இருக்கின்றன. தண்ணீர் குறைந்தால் கடைசியாகக் கிடைப்பது நமக்கு. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் நாமே. நன்னீர் குறையும் காலத்தில் கடற்பக்கத்து உப்பும் மெல்ல மேலேறுகிறது.

வெள்ளமும் வரட்சியும் ஒரே வீட்டில்

"மழைக்கு என்ன குறை? 2024 நவம்பரில் வெள்ளம் வயலையே மூடியதே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நமக்கு ஆண்டு மழையின் பெரும் பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான். அது நான்கு மாதமாகப் பரவிப் பெய்தால் மண் ஆறுதலாக வாங்கிக்கொள்ளும். நான்கு நாளில் கொட்டினால், வாங்க முடியாமல் ஓடவிடும். அந்தத் தண்ணீரை முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்கு அனுப்பிவிட்டு, மூன்று மாதம் கழித்துச் சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாது என்கிறோம். மொத்த மழை குறையாமலே மண் காயலாம்.

வெப்பம் கூடுவது இன்னொரு காரணம். காலநிலை மாற்றம் பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் அரசாங்கங்களுக்கு இடையிலான குழு 2021 இல் வெளியிட்ட அறிக்கை, உலகின் பல பகுதிகளில் மழை குறைவதால் மட்டுமன்றி, சூட்டினால் மண்ணும் பயிரும் கூடுதலாக நீரை ஆவியாக விடுவதாலும் விவசாய வரட்சி பெருகுகிறது என்று சொல்கிறது. மேல்மண் 5 சென்ரிமீற்றரின் ஈரத்தை அளப்பதற்கென்றே 2015 ஜனவரியில் நாசா ஒரு செய்மதியை அனுப்பியது. உலகம் மண்ணின் ஈரத்தை வானத்திலிருந்து கணக்கெடுக்கும் காலத்தில், நாம் கடை வாசலில் நின்று மேகத்தை மட்டும் அண்ணாந்து பார்த்தால் போதுமா?

2017 இல் படித்த பாடம்

நாடு 2016 இல் சுமார் 44 இலட்சம் தொன் நெல் விளைவித்தது. வரட்சி முற்றிய 2017 இல் அது சுமார் 24 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. ஏறக்குறைய பாதி. அரசாங்கம் அரிசி மீதான இறக்குமதி வரியைக் குறைத்தது, அவ்வாண்டில் ஏழு இலட்சம் தொன்னுக்கு மேல் அரிசி கப்பலில் வந்தது. சாப்பிடுபவருக்கு அரிசி கிடைத்தது, நல்லது. ஆனால் அந்த வியாபாரம் யார் கைக்குப் போனது? நெல் விளையும் மாவட்டத்தின் ஆலைக்காரரும் கமிசன் வியாபாரியும் லொறிக்காரரும் சும்மா இருக்க, துறைமுகத்தை அண்டியவர்களின் கை ஓங்கியது. வரட்சி விளைச்சலை மட்டும் குறைப்பதில்லை, வியாபாரத்தை ஊர் மாற்றியும் விடுகிறது.

2023 சிறுபோகத்தில் உடவளவை விவசாயிகள் சமனலவெவ நீரைக் கேட்டு வீதியில் நின்றார்கள். தண்ணீர் திறக்கப்பட்டபோது பல வயல்கள் காய்ந்திருந்தன. தண்ணீர் இல்லாமை ஒரு நஷ்டம் என்றால், காலம் தவறி வருவது மற்றொரு நஷ்டம்.

நமது மாவட்டத்திலேயே இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகமும் கல்லோயா இடதுகரையில் விவசாயிகளை வாய்க்கால்வாரியாக அமைப்புகளாகச் சேர்த்தன. 1997 சிறுபோகத்தில் நெல் செய்வதற்குத் தண்ணீர் போதாது என்று சொல்லப்பட்டபோது, அந்த அமைப்புகள் இருந்ததை முறைவைத்துப் பங்கிட்டு, சுமார் 65,000 ஏக்கரில் பயிர் செய்து, வழமையை விட நல்ல விளைச்சல் எடுத்தன. மேல்முனையில் இருந்த சிங்கள விவசாயிகள் கீழ்முனையில் இருந்த தமிழ் பேசும் விவசாயிகளுக்குத் தண்ணீரை விட்டுக்கொடுத்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. தண்ணீர் கூடவில்லை, கணக்குத்தான் சரியானது.

வியாபாரி செய்ய வேண்டியது

இது விவசாயத் திணைக்களத்தின் வேலை, வியாபாரிக்கு இதில் என்ன என்று ஒதுங்க முடியாது. பசளையைக் கடனுக்குக் கொடுத்தவர் அந்த வயலில் முதல் போட்டவர்தான். அறுவடை பொய்த்தால் விவசாயி தவணை கேட்பார். கல்முனை மொத்த வியாபாரிக்கோ கொழும்புக் கம்பனிக்கோ கொடுத்த செக் தவணை கேட்காது, குறித்த திகதியில் வங்கிக்குப் போய்விடும். நடுவில் நசுங்குவது சிறிய கடைக்காரர்.

2018 இல் தொடங்கிய பயிர்க் காப்புறுதித் திட்டம் நெற்பயிர் அழிந்தால் ஏக்கருக்கு 40,000 ரூபா வரை இழப்பீடு என்று வகுத்தது. அது விவசாயிக்கு ஓர் ஊன்றுகோல். கடைக்காரரின் கொப்பியில் உள்ள நிலுவைக்கு அது பொறுப்பல்ல. ஆகவே நமது பாதுகாப்பை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு போகத்துக்கும் நடைபெறும் ஆரம்பக் கூட்டத்தின் முடிவுகளை அறிந்த பின்னரே கடன் எழுத வேண்டும். எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர், எந்தத் திகதியில் திறப்பு, எந்தத் திகதியில் மூடல், எத்தனை மாத நெல் என்பன அங்கேதான் தீர்மானமாகின்றன. அனுமதி இல்லாத காணிக்கு விதை நெல்லும் பசளையும் கடனாகக் கொடுப்பது விவசாயிக்குச் செய்யும் உதவியல்ல. அவரையும் நம்மையும் சேர்த்துக் கிணற்றில் தள்ளுவதாகும்.

இரண்டாவது, கடனை ஒரே தடவையில் கொடாமல் பயிரின் பருவம் பார்த்துப் பிரித்துக் கொடுப்பது. வட்டை விதானையிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பார்க்கலாம். உருண்டையாக நின்றால் ஈரம் உண்டு, உதிர்ந்தால் இல்லை. இதற்குச் செய்மதி தேவையில்லை.

மூன்றாவது, தண்ணீர் குறையும் போகத்துக்கு ஏற்ற சரக்கை வைத்திருப்பது. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிஜி 250 ஏறத்தாழ 80 நாளில் அறுவடைக்கு வரும். மூன்றரை மாத நெல்லை விட விளைச்சல் குறைவுதான். ஆனால் கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் முடிந்துவிட்டால் மூன்றரை மாத நெல் எதைத் தரும்?

நான்காவது, வைக்கோல். அறுவடை இயந்திரம் வந்த பின்னர் வைக்கோலை வயலிலேயே கொளுத்துவது வழக்கமாகிவிட்டது. மண்ணின் ஈரத்தைப் பிடித்து வைப்பது மக்கிய இலைகுழையும் வைக்கோலும்தான். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தின் பெரும் பகுதியும் வைக்கோலிலேயே இருக்கிறது. அதனைக் கொளுத்தி மழையில் கரையவிட்டு, அதற்குப் பதிலாக நமது கடையில் எம்.ஓ.பி. பசளையைக் கடனுக்கு வாங்குகிறார் விவசாயி. இன்றைக்கு நமக்கு ஒரு மூடை விற்பனை. ஆண்டுக்கு ஆண்டு மண் மெலிந்தால், நாளை அந்த மூடைக்குப் பணம் கட்ட ஆளிருக்காது. அறுவடை முடிந்ததும் ஈரம் இருக்கும்போதே மேலோட்டமாக ஓர் உழவு போட்டால் வைக்கோலும் மண்ணுக்குள் போகும், நிலம் வெடிப்பதும் குறையும். 2021 இல் இரசாயனப் பசளையை ஒரே நாளில் தடை செய்து ஏற்பட்ட சேதத்தினால் 'சேதனம்' என்ற சொல்லே விவசாயிக்குக் கசந்துபோனது. பசளையை நிறுத்தச் சொல்லவில்லை, வைக்கோலைக் கொளுத்தவேண்டாம் என்றே சொல்கிறோம்.

கடைசியாக, முன்பணம் கொடுத்து அறுவடையில் மலிவு விலைக்கு நெல்லாக எடுக்கும் வழக்கம். ஸலம் வியாபாரத்தில் ஒரு குறிப்பிட்ட வயலின் விளைச்சலை மட்டும் கட்டிப் பேசக்கூடாது என்று பெரும்பாலான இமாம்கள் கூறியதன் காரணம், அந்த வயல் பொய்த்துப் போகலாம் என்பதுதான். வரட்சி அடிக்கடி வரும் நாளில் அந்தச் சட்டத்தின் அருமை விளங்குகிறது. கஷ்டத்தில் உள்ள கடனாளிக்கு வசதி வரும் வரை தவணை கொடுக்கும்படியும் மார்க்கம் நமக்குப் போதித்திருக்கிறது. தவணை கொடுப்பதற்கு மனம் மட்டும் போதாது, கையில் இருப்பும் வேண்டும். நல்ல அறுவடை வந்த ஆண்டில் இலாபம் முழுவதையும் புதிய கட்டடத்தில் போடாமல், ஒரு பங்கை மழை பொய்க்கும் ஆண்டுக்கென ஒதுக்கி வைப்பவரே தவணை கொடுக்க வல்லவர்.

மழை நமது கையில் இல்லை. பெய்த மழையை மண்ணில் நிறுத்துவதும், மண்ணைப் பார்த்துக் கடன் எழுதுவதும் நமது கையில் இருக்கின்றன. அடுத்த போகத்துக்குக் கொப்பியைத் திறக்கும் முன்னர் நமது வர்த்தகர்கள் ஒருமுறை வட்டைப் பக்கம் போய் வரட்டும்.