மந்திரி மறைத்த வியாதி! மன்னர் சொன்ன வியாதி!

2024ஆம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி. ஊரெல்லாம் புத்தாண்டுக் கொண்டாட்டம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியா ராஜ்யத்தில் உள்ள ஒரு வீட்டிலிருந்து அவசர உதவி நிலையத்துக்கு டெலிபோன் வந்தது. ஆம்புலன்ஸ் வேண்டும் என்றார், பேசியவர். கூடவே ஒரு வேண்டுகோளும் விடுத்தார். விளக்கைச் சுழலவிட வேண்டாம், சங்கு ஊத வேண்டாம், ஆரவாரம் இல்லாமல் வரவேண்டும் என்பதே அது!

அந்த வீடு யாருடையது? அமெரிக்க ராணுவ மந்திரி லாயிட் ஆஸ்டினுடையது! பேசியவர் அவருடைய உதவியாளர்.

பத்து நாட்களுக்கு முன்பு, டிசம்பர் 22-ந் தேதி, வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில் மந்திரிக்கு ஆபரேஷன் நடந்திருந்தது. புராஸ்டேட் சுரப்பியில் புற்று நோய். மறுநாளே அவர் வீடு திரும்பிவிட்டார். அதன் பிறகு கிருமி தொற்றியது. வயிற்றிலும் இடுப்பிலும் காலிலும் கடுமையான வலி கண்டது. சங்கு ஊதாமல் வந்த ஆம்புலன்சில் மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார்.

அப்போது நிலைமை சாதாரணமானது அல்ல. செங்கடலில் கப்பல்கள் மீது ஹூதிகள் ஏவுகணை வீசிக்கொண்டிருந்தார்கள். அதே வாரத்தில் பாக்தாத்தில் அமெரிக்கப் படை ஒரு தாக்குதலை நடத்தியது. அந்தப் படைகளை நடத்தும் மந்திரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார் என்பது ஜனாதிபதி பைடனுக்கே தெரியாது! ஜனவரி 4-ந் தேதிதான் அவர் காதுக்கு எட்டியது. துணை மந்திரி கேத்லீன் ஹிக்ஸ் விடுமுறையில் போர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்தார். பொறுப்புகள் 2-ந் தேதியே அவருக்கு மாற்றப்பட்டன. ஏன் மாற்றப்பட்டன என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. என்ன வியாதி என்பது 9-ந் தேதிதான் வெளியே வந்தது. ஜனாதிபதிக்கும் அன்றுதான் தெரிந்தது!

70 வயது மனிதர். நாற்பது ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தவர். போர்க்களத்தைக் கண்டு அஞ்சாதவர். இந்த வியாதியின் பெயரைச் சொல்ல ஏன் தயங்கினார்?

மன்னர் செய்த காரியம்

ஆஸ்டின் விவகாரம் பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்த அதே மாதத்தில், அட்லாண்டிக் சமுத்திரத்தின் மறுகரையில் இன்னொரு செய்தி வந்தது.

ஜனவரி 17-ந் தேதி பிரிட்டிஷ் அரண்மனை ஓர் அறிக்கை வெளியிட்டது. மன்னர் மூன்றாம் சார்லசுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது, அது புற்று நோய் அல்ல, அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று அதில் கண்டிருந்தது. மற்ற ஆண்களும் தங்கள் உடலைப் பரிசோதித்துக்கொள்ள இது தூண்டுதலாக இருக்கட்டும் என்றே மன்னர் இதை வெளியிடச் சொன்னார் என்று அரண்மனை வட்டாரங்கள் கூறின. (பிறகு, பிப்ரவரியில், அவருக்கு வேறு ஒரு புற்று நோய் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. அது புராஸ்டேட்டில் வந்தது அல்ல.)

அரண்மனை வழக்கம் தெரிந்தவர்கள் அதிசயப்பட்டார்கள். இதே சார்லசின் பாட்டனார் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு 1951-ல் ஒரு நுரையீரலையே எடுத்தார்கள். காரணம் புற்று நோய். அந்தச் சொல் ஜனங்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

மன்னரின் அறிக்கை வந்த அன்று, பிரிட்டிஷ் அரசாங்க மருத்துவ இலாகாவின் இணையதளத்தில் புராஸ்டேட் வீக்கம் பற்றிய பக்கத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை, முதல் நாளைப்போல் சுமார் 11 மடங்காக உயர்ந்தது! இத்தனை பேரும் அதுவரை எங்கே இருந்தார்கள்? வீட்டில்தான் இருந்தார்கள். இரவில் நாலு தடவை, ஐந்து தடவை எழுந்து போய்க்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்திருப்பார்கள்.

எங்கே இருக்கிறது இந்தச் சுரப்பி?

ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி இது. சிறுநீர்ப் பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. அதன் நடுவே துளைத்துக்கொண்டுதான் சிறுநீர்க் குழாய் இறங்குகிறது. விந்துவில் சேரும் நீரின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. வயது ஏற ஏற, இது பருக்கிறது. 60 வயதில் ஏறக்குறைய பாதி ஆண்களுக்குப் பருத்திருக்கும். பருத்தால் குழாயை நெரிக்கும். சிறுநீர் கழிக்கத் தாமதம், மெல்லிய தாரை, சொட்டுச் சொட்டாக வடிதல், ராத்திரித் தூக்கம் கெடுதல், இவையெல்லாம் அதனால் வருபவை.

இது புற்று நோய் அல்ல. வெறும் வீக்கம். மாத்திரை உண்டு, தேவைப்பட்டால் ஆபரேஷன் உண்டு.

புற்று நோயின் குணம் வேறு. அது பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்புறத்தில், குழாய்க்குத் தூரத்தில் முளைக்கிறது. ஆகையால் ஆரம்பத்தில் குழாயை நெரிப்பதில்லை. வலியும் இல்லை, தொல்லையும் இல்லை. தொல்லை கொடுக்கிற வீக்கம் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆபத்தானதோ ஆரம்பத்தில் தொல்லையே கொடுப்பதில்லை! தொந்தரவு வந்த பிறகு டாக்டரிடம் போகலாம் என்று காத்திருப்பவர் ஏமாறுவது இங்கேதான்.

புற்று முளைக்கும் அந்தப் பின்புறத்துக்கு அடுத்து இருப்பது மலக்குடல். நடுவில் இருப்பது ஒரு மெல்லிய சுவர்தான். டாக்டர்கள் ஆசனவாய் வழியாக விரலை விட்டுப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். அதைவிடக் குறுக்கு வழி உடம்பில் இல்லை. நோயாளி இடது பக்கமாகப் படுத்து, முழங்காலை மடக்கிக்கொள்வார். டாக்டர் கையுறை மாட்டி, வழுவழுப்பான பசையைத் தடவிக்கொண்டு பார்ப்பார். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். விரலில் என்ன தெரியும்? கட்டை விரலுக்கு அடியில் உள்ளங்கைச் சதையைத் தொட்டால் எப்படி இருக்கிறது? ஆரோக்கியமான சுரப்பி அப்படி இருக்கும். முஷ்டியை மடக்கி, விரல் கணுவைத் தொட்டால் எப்படி இருக்கிறது? அப்படி இருந்தால் சந்தேகம்.

ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்து பத்து வருஷம் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. பிரேசில் நாட்டில் இந்தப் பரிசோதனை மதுக் கடைகளில் கேலிப் பொருள். ஆண்மைக்கு இழுக்கு என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருக்கிறது. பிரேசிலை மட்டும் சொல்லிப் பயன் இல்லை. நம் ஊர்ப் பெரியவர்களில் எத்தனை பேர், "வயசானா அப்படித்தான்" என்று மகனிடம்கூடச் சொல்லாமல் இருந்து, சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்ட பிறகு நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்படுகிறார்கள்! பிள்ளையின் முன்னால் அந்தரங்கத்தைச் சொல்ல வெட்கம். டாக்டர் பெண்ணாக இருந்துவிட்டால் வெட்கம் இரட்டிப்பு. இதற்குமேல் இன்னொரு பயமும் உள்ளே இருக்கிறது. புற்று என்றால் ஆபரேஷன். ஆபரேஷன் என்றால் தாம்பத்தியத்துக்கு இடைஞ்சல், சிறுநீரை அடக்க முடியாத நிலைமை என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பயம் முழுவதும் பொய்யும் அல்ல.

11 ஆண்டு ரகசியம்

வெட்கம் ஒரு புறம், பதவி ஒரு புறம் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்சில் நடந்த கதை இருக்கிறது.

1981 மே மாதம் பிரான்சுவா மித்தரான் ஜனாதிபதி ஆனார். தன் உடல் நிலை பற்றி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அறிக்கை வெளியிடுவதாக வாக்களித்திருந்தார். அந்த நவம்பரிலேயே அவருக்குப் புராஸ்டேட் புற்று நோய் இருப்பதாகவும், அது எலும்புக்குப் பரவிவிட்டதாகவும் டாக்டர்கள் கண்டார்கள். அறிக்கைகளோ தவறாமல் வந்துகொண்டிருந்தன. எல்லாம் நலம் என்றே வந்தன! 1988-ல் மறுபடி தேர்தலில் நின்று ஜெயித்தார். 1992 செப்டம்பரில் ஆபரேஷன் நடந்தபோதுதான் வியாதி வெளியே சொல்லப்பட்டது. 1996 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களில் அவருடைய டாக்டர் உண்மையை எழுதிப் புத்தகம் போட்டார். புத்தகத்துக்குக் கோர்ட்டு தடை போட்டது. அந்தத் தடையை நீடித்தது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு 2004-ல் தீர்ப்புக் கூறியது.

மித்தரான் வியாதியோடு 14 ஆண்டு வாழ்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கு அவர் வெட்கப்படவில்லை. சொல்லத்தான் இல்லை. சாதாரண மனிதனின் கதி வேறு. அவன் டாக்டரிடமே சொல்வதில்லை.

விரலுக்கு ஓய்வு?

இனிமேல் வரும் செய்தி, வெட்கப்பட்டு ஒதுங்கியிருப்பவர்கள் காதில் விழ வேண்டியது. அந்த விரல் பரிசோதனையே பல நாடுகளில் இப்போது முதல் படி அல்ல!

ஜெர்மனியில் 45 வயது ஆண்களிடம் நடந்த ஓர் ஆராய்ச்சியில் 6,500 பேருக்கு மேல் விரலால் பரிசோதித்தார்கள். சந்தேகப்பட்டுச் சதைத் துணுக்கு எடுக்க அனுப்பப்பட்டவர்கள் 57 பேர். புற்று நோய் இருந்தது மூன்றே பேருக்கு! வியாதி இல்லாதவர்களிடையே தேடுவதற்கு விரல் போதாது என்று 2023-ல் அந்த நிபுணர்கள் அறிவித்தார்கள். கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதில் "பி.எஸ்.ஏ." என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே இப்போது முதல் படி. அளவு மிகுந்திருந்தால் எம்.ஆர்.ஐ. படம். அதிலும் சந்தேகம் என்றால்தான் ஊசியால் துணுக்கு எடுப்பார்கள்.

அப்படியானால் எல்லா ஆண்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் டாக்டர்களுக்குள் சண்டை. சாதாரண வீக்கத்திலும் பி.எஸ்.ஏ. ஏறும். கிருமி தொற்றினாலும் ஏறும். நெடுந்தூரம் சைக்கிள் மிதித்தால்கூட ஏறலாம்! மேலும், இந்தப் புற்றில் ஒரு ஜாதி ஆமை வேகத்தில் வளர்வது. அதைத் தேடிப் பிடித்து வெட்டினால், சாகப் போகாதவருக்கு வீணாக ஆண்மைக் குறையும் சிறுநீர்க் கசிவும் வந்து சேரும். ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 1,62,000 ஆண்களை 23 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியின் முடிவு 2025 அக்டோபரில் வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்த நோயால் சாவு 13 சதவிகிதம் குறைந்திருந்தது. ஆனால் ஒரு சாவைத் தடுக்க 456 பேரை அழைக்க வேண்டியிருந்தது.

கண்டுபிடித்தாலே கத்தி என்பதும் பழைய கதை. பிரிட்டனில் ஆரம்ப நிலையில் நோய் இருந்த 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும் என்று வைத்துப் பார்த்தார்கள். 15 ஆண்டு கழித்து, எந்தப் பிரிவானாலும் சுமார் 97 சதவிகிதம் பேர் இந்த நோயால் சாகவில்லை!

பைடனுக்கு வந்த சோதனை

மந்திரியின் வியாதியைக் கடைசியில் தெரிந்துகொண்ட ஜனாதிபதிக்கே அந்த வியாதி வந்தது. 2025 மே மாதம், பதவியிலிருந்து இறங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. சிறுநீர்த் தொந்தரவு. பரிசோதனையில் ஜோ பைடனின் சுரப்பியில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. கடுமையான ரகப் புற்று, எலும்புக்குப் பரவிவிட்டது. அவருக்கு வயது 82.

உலகத்திலேயே அதிகக் கவனிப்பில் இருந்த உடம்பு எப்படித் தப்பவிட்டது? கடைசியாக 2014-ல்தான் அவருக்கு பி.எஸ்.ஏ. பார்த்தார்கள் என்று அவர் தரப்பில் சொன்னார்கள். மறைத்தார் என்று எதிர்க்கட்சியினர் பேசினார்கள். ஆனால் 70 வயதுக்கு மேல் வழக்கமாக இந்தச் சோதனை வேண்டாம் என்பது அமெரிக்க நிபுணர் குழுவின் சிபாரிசு. 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் டாக்டரிடம் பேசித் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று அந்தக் குழு 2018-ல் சொன்னது. பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பேச வாய் திறக்காதவருக்கு இந்தச் சிபாரிசால் என்ன பயன்?

ஆஸ்டின் வாய் திறந்தார். 2024 பிப்ரவரி 1-ந் தேதி பத்திரிகை நிருபர்கள் முன்னால் நின்று, தான் நடந்துகொண்டது சரியல்ல என்று ஒப்புக்கொண்டார். புற்று நோய் என்ற செய்தி தன்னை உலுக்கிவிட்டது என்றும், தனக்குள் வைத்துக்கொள்ளவே முதலில் தோன்றியது என்றும் கூறினார். அமெரிக்க ஆண்களில் எட்டுப் பேருக்கு ஒருவர், கறுப்பர்களில் ஆறு பேருக்கு ஒருவர் இந்த நோய்க்கு ஆளாகிறார்கள் என்று கணக்கும் சொன்னார். அவரும் கறுப்பர். அந்த மாதம் 29-ந் தேதி பார்லிமெண்டுக் கமிட்டி முன், டெலிவிஷன் காமிராக்களுக்கு எதிரில் உட்கார்ந்து, சங்கு ஊதாமல் மறைக்கப் பார்த்த கதை முழுவதற்கும் பதில் சொன்னார்.

மனைவி சொல்!

பிரிட்டனின் முன்னாள் பிரதம மந்திரி டேவிட் காமரூன், தனக்கும் இந்த நோய் வந்து சிகிச்சை பெற்றதாக 2025 நவம்பரில் வெளியிட்டார். தொழில் அதிபர் ஒருவர் தமக்கு வந்த வியாதி பற்றி ரேடியோவில் பேசியதைக் கேட்டு, "நீங்களும் போய்ப் பாருங்கள்" என்று காமரூனை வற்புறுத்தியது அவருடைய மனைவி சமந்தா! ரத்தத்தில் அளவு மிகுந்திருந்தது. படம் எடுத்தார்கள். நோய் உறுதியாயிற்று.

அதே மாதக் கடைசியில் பிரிட்டிஷ் நிபுணர் கமிட்டி தன் நகல் சிபாரிசை வெளியிட்டது. எல்லா ஆண்களையும் அழைத்துப் பரிசோதிக்க வேண்டாம், பரம்பரையாக வரும் "பி.ஆர்.சி.ஏ." என்ற மரபுக் கோளாறு உள்ளவர்களை மட்டும் 45 முதல் 61 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை பார்க்கலாம் என்றது. காமரூன் போன்றவர்களுக்கு இது ஏமாற்றம்.

சண்டையைத் தீர்க்க அங்கே ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறது. "டிரான்ஸ்பார்ம்" என்று அதற்குப் பெயர். முதல் கடிதங்கள் அந்த நவம்பரில்தான் போயின. ஆண்கள் தாங்களாக முன்வந்து அதில் சேர முடியாது. டாக்டரின் பதிவேட்டைப் பார்த்து அவர்களாகவே அழைப்பார்கள். கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் எச்சில், சில நிமிஷங்களில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம், இவற்றை வைத்துத்தான் தேடுகிறார்கள். கடிதம் கிடைத்தவர்கள் புறப்பட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி.