கழிவு யாருடைய காசில்?

காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதி பொதுவிருந்தினருக்குக் கூடுதல் கழிவு கொடுத்தால் யாழ்ப்பாணச் சுற்றுலா தழைக்கும் என்று சிலர் வாதிடுகிறார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அறை வாடகை ஏறுவதையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஏறுவது உண்மைதான், நானும் முணுமுணுத்துக்கொண்டு கொடுத்தவன்தான்.

ஆனால் கழிவு என்பது முதலாளி தன் லாபத்தில் விட்டுக்கொடுப்பது. இங்கே முதலாளி யார்? வரவேற்பறையில் நிற்கும் சிப்பாய்க்குச் சம்பளம் பாதுகாப்பு அமைச்சின் ஒதுக்கீட்டிலிருந்து வருகிறது, அதாவது நம் வரியிலிருந்து. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வங்கிக் கடனெடுத்து எட்டு அறை கட்டியவர் வட்டியும் கட்டி, ஆட்களுக்குக் கூலியும் கொடுத்து அந்தக் கழிவு விலையோடு எப்படி மல்லுக்கட்டுவார்?

விடுதி நிற்கும் நிலத்தின் கதை இன்னும் கசப்பு. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பின் உயர்பாதுகாப்பு வலயமாகிப்போன கரை அது. போர் முடிந்த பின் காணிகள் துண்டுதுண்டாகத்தான் விடுவிக்கப்பட்டன. இன்னும் காத்திருப்போர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அங்கே அறை எடுக்கப் போனால் எத்தனை வீதம் கழிவு கொடுப்பதாக உத்தேசம்?